வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறது? பூல் ஆட்டத்தில் மேதைகளும் மற்றவர்களும்

1954 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில், பூல் ஆட்டக்காரர் வில்லி மாஸ்கோனி ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைக் குழியில் தள்ளினார். அறுபத்தைந்து ஆண்டுகள் அந்த எண்ணிக்கை சாதனையாக நிலைத்திருந்தது. 2019-இல் ஜான் ஷ்மிட் 626 பந்துகளும், 2022-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேசன் ஷா 714 பந்துகளும் அடித்து அதைக் கடந்தார்கள். இத்தகைய நீண்ட ஆட்டங்களைக் காணொளியில் பார்ப்பவருக்கு முதலில் சிறு ஏமாற்றம்கூட ஏற்படலாம். கண்ணைப் பறிக்கும் அடிகள் அவற்றில் அபூர்வமாகவே வருகின்றன. பந்து குழிக்கு அருகில் இருக்கிறது, வெள்ளைப் பந்து அந்தப் பந்துக்கு அருகில் இருக்கிறது, வெள்ளைப் பந்தை அடிக்கும் கோல் சிறிதளவே அசைகிறது, பந்து விழுகிறது, அடுத்ததும் அப்படியே. வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறவரும் இவற்றில் பெரும்பாலான அடிகளைத் தன்னால் அடிக்க முடியும் என்று சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் அவர் அடிக்கத் தொடங்கினால் மூன்றாவது அல்லது நான்காவது பந்திலேயே அத்தகைய எளிய அடி கிடைக்காமல் போய்விடும். கடினமான பந்தை அடித்து வீழ்த்துவதில் மேதைக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் வேறுபாடு இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடினமான பந்தே தன் முன் வராதபடி ஆடுவதில் இருக்கும் வேறுபாடு அதைவிட மிகப் பெரியது.

கேரம் ஆடிப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கேரமில் ஒவ்வொரு முறையும் ஸ்டிரைக்கரைக் கையில் எடுத்து, நமக்குரிய கோட்டின்மேல் வசதியான இடத்தில் வைத்துக்கொள்கிறோம். பூலில் அந்த வசதி கிடையாது. வெள்ளைப் பந்து உருண்டு போய் எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடியை அடித்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று, இலக்குப் பந்தைக் குழியில் சேர்ப்பது, மற்றொன்று, அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது. சராசரி ஆட்டக்காரரின் கவனம் முழுவதும் முதல் வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது. பந்து விழுந்த பிறகுதான் வெள்ளைப் பந்து எங்கே போகிறது என்று அவர் பார்க்கிறார். தேர்ந்தவரோ கோலைக் கையில் எடுத்துக் குனிவதற்கு முன்பே அது நிற்கப்போகும் இடத்தைத் தீர்மானித்திருக்கிறார்.

அருகிலிருந்து அடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். போட்டிகளில் பயன்படும் ஒன்பதடி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். மூலைக் குழியின் வாய் நாலரை அங்குலமாக இருந்தால் அது சரியாக இரண்டு பந்துகளின் அகலம். அதாவது பந்தின் மையம் குழியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 28 மில்லிமீட்டர் வரை விலகலாம். இப்போது குழியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இலக்குப் பந்தும், அதிலிருந்து இன்னொரு மீட்டர் தொலைவில் வெள்ளைப் பந்தும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்குப் பந்து தன் பாதையிலிருந்து ஏறத்தாழ 1.6 டிகிரி விலகினாலும் விழுந்துவிடும். ஆனால் வெள்ளைப் பந்தின் திசையில் ஏற்படும் பிழை, மோதும்போது பல மடங்காகப் பெருகுகிறது. இந்தத் தொலைவில் வெள்ளைப் பந்து ஒரு டிகிரி பிசகினால் இலக்குப் பந்து கிட்டத்தட்ட 18 டிகிரி பிசகும். எனவே அந்த அடி விழ வேண்டுமானால் வெள்ளைப் பந்தின் திசைப்பிழை 0.1 டிகிரிக்கும் குறைவாக இருக்க வேண்டும். இரண்டு தொலைவுகளையும் அரை மீட்டராகக் குறைத்துவிட்டால், அனுமதிக்கப்படும் பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. உலகின் எந்த ஆட்டக்காரரும் பயிற்சியால் தன் கையின் துல்லியத்தைச் சில மாதங்களில் நான்கு மடங்காக்கிவிட முடியாது. ஆனால் வெள்ளைப் பந்தை அருகில் கொண்டுவந்து நிறுத்தத் தெரிந்தவர், அந்த நான்கு மடங்கு வசதியை ஒவ்வொரு அடியிலும் பெற்றுக்கொள்கிறார்.

இந்த வசதி எப்படிப் பெருகுகிறது என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேசையிலுள்ள ஒன்பது பந்துகளையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றால் ஒன்பது அடிகளும் அடுத்தடுத்து வெற்றி பெற வேண்டும். ஒவ்வொரு அடியிலும் 90 விழுக்காடு வெற்றி வாய்ப்பு உள்ளவர் மேசையை முழுவதுமாக முடிக்கும் வாய்ப்பு 39 விழுக்காடுதான். அதே 95 விழுக்காடானால் 63. 99 விழுக்காடானால் 91. ஒரே ஒரு அடியை மட்டும் பார்ப்பவருக்கு 90-க்கும் 99-க்கும் இடையிலுள்ள வேறுபாடு கண்ணில் படவே படாது. பூல் நிலையங்களில் ஒருவர் மிகக் கடினமான பந்தை அடித்து வீழ்த்திக் கைதட்டல் வாங்குவதும், அதே ஆள் ஒரு போட்டியில் தோற்றுப் போவதும் இதனால்தான். தேர்ச்சியை ஓர் அடியில் காண முடியாது. அடிகளின் தொடர்ச்சியில்தான் காண முடியும்.

வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்துவது அனுமானத்தால் நடப்பதில்லை. அதற்குப் பின்னால் தெளிவான இயக்கவியல் இருக்கிறது. சுழலும் பூமியில் காற்றின் போக்கை விளக்கும் விசைக்குத் தன் பெயரைத் தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ், 1835-இல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்துக்காகவே ஒரு கணித நூல் எழுதினார். சம எடையுள்ள இரண்டு பந்துகள் மோதும்போது, வெள்ளைப் பந்தில் முன்சுழற்சியோ பின்சுழற்சியோ இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு வந்திருந்தால், மோதிய பிறகு இரு பந்துகளின் பாதைகளுக்கும் இடையே 90 டிகிரி கோணம் இருக்கும். இயல்பாக உருண்டு வந்திருந்தால், இலக்குப் பந்தின் ஓரத்தை மட்டும் உரசும் மிக மெல்லிய வெட்டும் அதன் நடுவில் படும் மிக நிறைந்த மோதலும் தவிர்த்த பெரும்பாலான கோணங்களில், வெள்ளைப் பந்து தான் வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி விலகிச் செல்லும். இந்த இரண்டு கோடுகளும் மனத்தில் இருந்தால், மேசையில் எந்த அடிக்குப் பிறகும் வெள்ளைப் பந்து எந்தப் பகுதிக்குப் போகும் என்பதை முன்கூட்டியே வரைந்துவிடலாம்.

சராசரி ஆட்டக்காரருக்கும் இதில் பாதி தெரியும். பந்தின் மேற்பகுதியில் அடித்தால் முன்னே போகும், கீழே அடித்தால் பின்னே வரும் என்று அவர் அறிவார். ஆனால் கோலின் நுனி எங்கே பட்டது என்பதைவிட, இலக்குப் பந்தைத் தொடும் கணத்தில் வெள்ளைப் பந்தில் எவ்வளவு சுழற்சி மிஞ்சியிருந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. துணியின் உராய்வு பின்சுழற்சியை நொடிக்கு நொடி தின்றுகொண்டே இருக்கிறது. கீழே அடித்து மெதுவாக விட்ட பந்து இரண்டடி தூரத்துக்குள் பின்சுழற்சியை இழந்து வழுக்கத் தொடங்கி, இன்னும் சிறிது தூரத்தில் முன்னே உருளவும் தொடங்கிவிடலாம். ஆகவே அருகிலுள்ள பந்தில் பின்னே இழுத்து வந்த அதே அடி, தொலைவிலுள்ள பந்தில் வெள்ளைப் பந்தை அப்படியே நிறுத்திவிடும், அதற்கும் அப்பாலுள்ள பந்தில் பின்தொடர்ந்து ஓடிவிடும். உயரம், வேகம், தொலைவு ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து உணரும் திறன்தான் பயிற்சியில் மிகத் தாமதமாக வருவது. நடுப்புள்ளியிலிருந்து ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 11 மில்லிமீட்டர் உயரத்தில் அடித்தால் பந்து தொடக்கத்திலிருந்தே இயல்பாக உருளும். ஆரத்தில் பாதியைத் தாண்டி விளிம்பை நோக்கிப் போனால் நுனி வழுக்கி அடியே பாழாகும். இவ்வளவு சிறிய பரப்புக்குள்தான் எல்லா வித்தைகளும் நடக்கின்றன.

இனி, நல்ல ஆட்டக்காரர்களையும் மிகச் சிறந்தவர்களையும் பிரிக்கும் இடத்துக்கு வருவோம். அடுத்த பந்தை அடிப்பதற்கு ஏற்ற இடம் ஒரு புள்ளியாக இருப்பதில்லை. அது ஒரு பரப்பு. குழியிலிருந்து இலக்குப் பந்தின் வழியாகக் கோடு கிழித்து, அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் நமக்கு வேண்டிய கோண அளவுகளுக்கு உட்பட்ட இடம் முழுவதையும் நிழலிட்டால், பந்திலிருந்து விலக விலக அகன்றுகொண்டே போகும் நீண்ட முக்கோணம் கிடைக்கும். வெள்ளைப் பந்து அந்த முக்கோணத்துக்குள் எங்கே நின்றாலும் சரி. அதற்குள் வெள்ளைப் பந்து எந்தத் திசையிலிருந்து நுழைகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முக்கோணத்தைக் குறுக்கே கடந்து போகும் பாதையில் வந்தால், அது உள்ளே இருக்கும் தூரம் ஒரு சாண் அளவுதான் இருக்கலாம். வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பந்து வெளியே நின்றுவிடும். அதே முக்கோணத்தின் நீளவாட்டில் நுழைந்து வந்தால், வேகம் பிசகி ஒன்றிரண்டு அடி தூரம் முன்பின் ஆனாலும் வெள்ளைப் பந்து உள்ளேயே இருக்கும். இரு பாதைகளுக்கும் ஒரே அளவு கைத்திறன்தான் தேவை. ஆனால் ஒன்றில் பிழை தண்டிக்கப்படுகிறது, மற்றொன்றில் மன்னிக்கப்படுகிறது.

சிறந்த ஆட்டக்காரர்கள் சில நேரம் பக்கத்திலிருக்கும் பந்துக்குப் போகக்கூட இரண்டு மூன்று குஷன்களில் (மேசையின் ரப்பர் விளிம்புகளில்) மோதிச் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கிறோம். பார்வையாளருக்கு அது அலங்காரமாகத் தோன்றலாம். பெரும்பாலும் அது நீளவாட்டுப் பாதையைத் தேடிப் போகும் பயணம். தங்கள் கை எவ்வளவு பிசகக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். அந்தப் பிசகு நேர்ந்தாலும் ஆட்டம் தொடரும்படி பாதையை வகுக்கிறார்கள். பிழையே செய்யாதவர் மேதை என்று பொதுவாக நினைக்கிறோம். என் கணிப்பில், தன் பிழையின் அளவைச் சரியாக அறிந்து அதற்கு இடம் ஒதுக்கி ஆடுகிறவர்தான் மேதை. இதுவே இந்த ஆட்டத்தின் மையம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோணத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். புதிதாக ஆடுகிறவர் ஒவ்வொரு பந்துக்கும் நேர்கோட்டில் நிற்கவே விரும்புவார், நேரான பந்து எளிதாக விழும் என்பதால். ஆனால் முற்றிலும் நேரான அடியில் வெள்ளைப் பந்து முன்னே போகலாம், பின்னே வரலாம், நிற்கலாம். பக்கவாட்டில் போக வழியே இல்லை. சிறிய கோணம் இருந்தால் மேசையின் வேறு பகுதிக்குப் போக இயல்பான வழி திறக்கிறது. எண் வரிசைப்படி பந்துகளைத் தொட வேண்டிய நைன் பால் ஆட்டத்தில், கோணத்தின் எந்தப் பக்கத்தில் வெள்ளைப் பந்து நிற்கிறது என்பது உயிர்நாடி. தவறான பக்கத்தில் ஓர் அங்குலம் நின்றாலும் அடுத்த பந்துக்குப் போக மேசையையே சுற்றிவர நேரலாம். இதனால்தான் மூன்று பந்துகளைச் சேர்த்துச் சிந்திக்கும் பழக்கம் வந்தது: இப்போதைய பந்தை அடிக்கும்போது அடுத்த பந்துக்கு வர வேண்டும், அங்கே வரும் கோணம், அதற்கடுத்த பந்துக்குக் கொண்டுசெல்லும் கோணமாகவும் இருக்க வேண்டும்.

எய்ட் பால் ஆட்டத்தில், மேசையை முன்கூட்டியே படித்தறியும் இந்த வாசிப்பு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அதில் வரிசை கட்டாயமில்லை. தன் பிரிவிலுள்ள ஏழு பந்துகளையும் விரும்பிய வரிசையில் அடித்துவிட்டுக் கடைசியில் கறுப்புப் பந்தை அடிக்க வேண்டும். சராசரி ஆட்டக்காரர் எளிய பந்துகளை முதலில் அடித்துத் தீர்த்துவிடுகிறார். நான்கைந்து பந்துகள் மளமளவென்று விழுகின்றன. பிறகு பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இரண்டு கடினமான பந்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்க உதவியிருக்கக்கூடிய எளிய பந்துகளோ ஏற்கெனவே போய்விட்டன. தவறியதும் எதிராளிக்குக் கிடைப்பது தடையே இல்லாத திறந்த மேசை. தேர்ந்தவர் முதலில் கறுப்பைப் பார்க்கிறார், அதற்கு முந்தைய பந்து எதுவாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறார், சிக்கலான பந்துகளை எந்த அடியோடு சேர்த்துப் பிரிக்கலாம் என்று பார்க்கிறார். அப்படிப் பிரிக்க வழியே இல்லை என்றால், ஒரு பந்தைக்கூட வீழ்த்த முயலாமல், எதிராளிக்கு எளிய அடி கிடைக்காதபடி தற்காப்பு அடி ஆடுகிறார். முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரும் இந்தச் சிந்தனை முறைதான் மாஸ்கோனி ஆடிய ஸ்டிரெய்ட் பூல் ஆட்டத்திலும் அடிப்படை. அங்கே பதினைந்தில் பதினான்கு பந்துகளை அடித்த பிறகு, அவற்றை மீண்டும் முக்கோணமாக அடுக்குவார்கள். விட்டுவைத்த பதினைந்தாவது பந்தை அடிக்கும் அதே அடியில், வெள்ளைப் பந்து அந்த அடுக்கில் மோதி அதைக் கலைக்கவும் வேண்டும். எந்தப் பந்தைக் கடைசியில் விட்டுவைப்பது என்ற முடிவு, மேசையில் பாதிப் பந்துகள் இருக்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. 526 பந்துகள் என்றால் இந்தச் சுற்று முப்பத்தேழு முறைக்கு மேல் பிசகாமல் நடந்திருக்கிறது.

இந்த வாசிப்புத் திறனை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்நெதியும் சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்னூக்கர் ஆட்டத்தில் வல்லுநர்களையும் இடைநிலை ஆட்டக்காரர்களையும் தொடக்கநிலையினரையும் ஒப்பிட்டது. வழக்கமான கண் பரிசோதனைகளில் வல்லுநர்கள் மற்றவர்களைவிட மேலானவர்களாக இல்லை. ஆனால் உண்மையான ஆட்டத்தில் வரக்கூடிய பந்து அமைப்புகளை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வதிலும், எத்தனை அடிகள் முன்னோக்கித் திட்டமிடுகிறார்கள் என்பதிலும் அவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். தாறுமாறாகப் பரப்பிய பந்துகளைக் காட்டியபோது அந்த நினைவு மேன்மை தென்படவில்லை. சதுரங்க வல்லுநர்களைப் பற்றி இதற்கு முன் கண்டறிந்ததும் இதுவே. ‘அவருக்குக் கழுகுக் கண்’ என்று ஆட்டக்காரர்களைப் பாராட்டுவது வழக்கம்; கண் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, கண்ட காட்சியைப் பொருளுள்ள அமைப்பாகப் பிரித்தறியும் பழக்கம்தான் வேறுபடுகிறது.

கண்ணின் பயன்பாட்டில் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பில்லியர்ட்ஸ் அடி அடிக்கும் முன் பார்வை கடைசியாக ஓரிடத்தில் நிலைத்திருக்கும் நேரத்தை அளந்தார்கள். தேர்ந்தவர்களிடம் அந்த நேரம் நீண்டிருந்தது. பந்து விழுந்த அடிகளில் தவறிய அடிகளைவிட நீண்டிருந்தது. அடி கடினமாகும்போது மேலும் நீண்டது. அவசரமாகக் குனிந்து, கோலை இரண்டு முறை ஆட்டி, கண் இன்னும் அலைபாய்ந்துகொண்டிருக்கும்போதே அடித்துவிடுகிறவர்களை எல்லா நிலையங்களிலும் பார்க்கலாம்.

கோல் வீச்சைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. அதை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். முழங்கைக்குக் கீழே கை ஊசல்போல ஆட வேண்டும், தலை அசையக் கூடாது, கோல் நேராகப் போக வேண்டும் என்பவை எல்லோருக்கும் பொதுவான விதிகள். ஆனால் மேதைகளின் பாணிகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயெஸ் கோலின் நுனியை வெள்ளைப் பந்தின் அடிப்பகுதியை நோக்கி வைத்து, நீண்டு தளர்ந்த வீச்சோடு ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, அடிக்கும் கணத்தில் வேறொரு புள்ளியில் அடிப்பார். எந்தப் பயிற்சியாளரும் அதைத் தன் மாணவருக்குக் கற்றுத்தரத் தயங்குவார். நுனி பந்தைத் தொடும் நேரம் ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் கோல் எங்கே, எந்தத் திசையில், என்ன வேகத்தில் இருந்தது என்பது மட்டுமே பந்துக்குத் தெரியும். பாணி எதுவானாலும் அந்தக் கணத்தை ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரி நிகழ்த்துவதே தேர்ச்சி.

பக்கச் சுழற்சி விஷயத்தில் சராசரி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே தங்களுக்கு எதிரியாகிறார்கள். பந்தின் இடப்புறமோ வலப்புறமோ அடித்தால் குஷனில் மோதியபின் அது திரும்பும் கோணம் மாறுகிறது. அது மிகப் பயனுள்ள கருவி. ஆனால் அதற்கு விலை உண்டு. வலப்புறம் அடித்தால் வெள்ளைப் பந்து கோல் காட்டும் திசையிலிருந்து சற்று இடப்புறமாக விலகிப் புறப்படும். பின்னர், கோலின் பின்பகுதி சற்றே உயர்ந்திருப்பதால், மீண்டும் வலப்புறமாக வளைந்து வரும். இலக்குப் பந்தைத் தொடும்போது இரு பந்துகளுக்கும் இடையிலுள்ள உராய்வு இலக்குப் பந்தை இன்னும் சில டிகிரி தள்ளிவிடும். இந்த மூன்று விளைவுகளும் வேகம், தொலைவு, துணியின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகின்றன. மேலே பார்த்தபடி 0.1 டிகிரி பிழைக்கு இடமில்லாத அடிகளில், தேவையின்றிப் பக்கச் சுழற்சியைச் சேர்ப்பது தனக்குத்தானே குழி தோண்டுவது. உயர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலான அடிகளைப் பந்தின் நடுச்செங்கோட்டிலோ அதற்கு மிக அருகிலோ அடிக்கிறார்கள். அவர்கள் முன்னரே சரியான கோணத்தில் வந்து நின்றுவிடுவதால் அது போதுமானதாக இருக்கிறது. பக்கச் சுழற்சி மிகுதியாகத் தேவைப்படுவது, பெரும்பாலும் முந்தைய அடியில் வெள்ளைப் பந்து தவறான இடத்தில் நின்றதற்கான அடையாளம்.

வெள்ளைப் பந்தின் கட்டுப்பாடு தாக்குதலுக்கு மட்டும் உரியதல்ல. நைன் பால் ஆட்டத்தில் மேசையிலுள்ள மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். தொடாவிட்டால் ஃபவுல், எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஆகவே வெள்ளைப் பந்தை வேறு பந்துகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, பந்தை விழச் செய்வதற்கு நிகரான ஆயுதம். வாய்ப்பு பாதிக்குப் பாதியாக உள்ள அடியை அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, எதிராளியை ஒளிவிடத்தில் நிறுத்துகிறவர் நீண்ட போட்டிகளில் மேலே வருகிறார். இங்கே ரெயெஸைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் கடந்துபோக முடியாது.

1954-இல் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்த ரெயெஸ், சிறுவயதிலேயே மணிலாவிலுள்ள உறவினரின் பில்லியர்ட்ஸ் நிலையத்தில் வளர்ந்தவர். இரவில் மேசையின்மேலேயே படுத்துத் தூங்கியவர். அந்த நாட்டில் அன்று பரவலாக ஆடப்பட்டது ரொட்டேஷன் என்னும் ஆட்டம். பதினைந்து பந்துகளும் மேசையில் இருக்கும், எண் வரிசைப்படிதான் தொட வேண்டும், எண்ணே புள்ளி, மொத்தம் 120 புள்ளிகளில் 61 எடுத்தவர் வெல்வார். பந்துகள் நெருக்கமாகக் கிடக்கும் மேசையில் தொட வேண்டிய பந்து பெரும்பாலும் மறைந்தே இருக்கும். அதனால் குஷனில் மோதவிட்டு, திரும்பி வரும் வழியில் இலக்கைத் தொடுவது அங்கே அன்றாடத் தேவை. குஷனில் மோதவிட்டு ஆடும் த்ரீ குஷன் பில்லியர்ட்ஸிலும் அவர் தேர்ந்திருந்தார். 1985-இல் சேசார் மொராலெஸ் என்ற புனைபெயரில் டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு வந்து ஒரு நைன் பால் போட்டியை வென்றபோதுதான் அமெரிக்கர்கள் அவரை அறிந்தார்கள். 1994-இல் அமெரிக்க ஓப்பன் நைன் பால் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். 1995-இல் நெவாடாவின் ரீனோ நகரில் எர்ல் ஸ்டிரிக்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில், முற்றிலும் மறைந்திருந்த பந்தை இரண்டு குஷன்கள் வழியாகக் கோணலாகச் சென்று தொட்டதோடு, அதைக் குழியிலும் வீழ்த்தினார். அந்த அடியை இன்றும் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். 1999-இல் கார்டிஃபில் உலக நைன் பால் பட்டமும் 2004-இல் உலக எய்ட் பால் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. இரு வேறு பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆட்டக்காரர் அவரே. அவரை மந்திரவாதி என்று அழைப்பதில் ரசிகர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் மந்திரமாகத் தெரிந்தது, மறைந்த பந்தைத் தொட வேண்டிய நெருக்கடியிலேயே வளர்ந்த ஒரு சிறுவன் குஷன்களின் கோணங்களை ஒவ்வொன்றாக மனத்தில் பதித்துக்கொண்டதன் விளைவு.

எதிர்த்திசையில் ஒரு சான்றும் உண்டு. நம் உதகமண்டலத்துக் கிளப்பில் 1882-இல் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்னூக்கர், பூலைவிடப் பெரிய மேசையும் நெருக்கமான குழிகளும் கொண்டது. பந்தை வீழ்த்தும் துல்லியத்தில் ஸ்னூக்கர் ஆட்டக்காரர்களுக்கு இணை கிடையாது. ஆறு முறை ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்ற ஸ்டீவ் டேவிஸ் பத்தாண்டுகளுக்கு மேல் பூலையும் ஈடுபாட்டோடு ஆடினார், ஐரோப்பிய அணிக்காக மாஸ்கோனி கோப்பைப் போட்டிகளில் களமிறங்கினார். எனினும் உலக நைன் பால் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1995-இல் ஸ்னூக்கரை விட்டுப் பூலுக்கு வந்த இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷரோ, 1996-இலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மகளிர் உலக நைன் பால் பட்டத்தை வென்றார். துல்லியமான கையோடு வந்த ஃபிஷர், பூலுக்கே உரிய பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி), குஷன் வழிகள், ஒளித்துவைக்கும் உத்தி ஆகியவற்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டு அந்தக் கையோடு இணைத்துக்கொண்டார் என்பதே அவருடைய வெற்றியின் பொருளாக எனக்குப் படுகிறது.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். அதுவும் வெறும் பலத்தின் காட்சியல்ல. அமெரிக்காவின் ஷேன் வான் போயெனிங் ஐந்து முறை அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றதற்கும் 2022-இல் உலகப் பட்டம் வென்றதற்கும் அவருடைய பிரேக் பெரும் காரணம். முதல் அடியில் பந்துகள் சிதறிய பிறகும் வெள்ளைப் பந்தை மேசையின் நடுப்பகுதியில் நிறுத்திவைப்பதை அவர் இடைவிடாத பயிற்சியால் வழக்கமாக்கிக்கொண்டார்.

இந்த எல்லாத் திறன்களின் கூட்டு விளைவை இன்று ஃபார்கோ என்னும் தரவரிசை முறை எண்ணாகத் தருகிறது. அதில் ஒருவருக்கு மற்றவரைவிட 100 புள்ளிகள் அதிகமென்றால், அவர் எதிராளி வெல்லும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு ஆட்டங்கள் வெல்வார் என்று பொருள். இது சிறிய முன்னிலையாகத் தெரியலாம். ஆனால் முதலில் ஒன்பது ஆட்டங்கள் வெல்பவர் வெற்றியாளர் என்ற போட்டியில், அந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் பத்தில் ஒன்பது முறைக்கும் மேல் வெற்றியாக மாறுகிறது. உலகின் முதல்தரத்தார் 800 புள்ளிகளைத் தாண்டியவர்கள். ஊர் நிலையத்தில் யாராலும் வெல்ல முடியாதவர் என்று பெயரெடுத்த ஒருவர் அவர்களிடமிருந்து இருநூறு புள்ளிகள் கீழே இருப்பது சாதாரணம்.

அந்த இடைவெளியை வயது மட்டும் நிரப்பிவிடுவதில்லை. தைவானின் வூ ஜியா சிங் 2005-இல் உலக நைன் பால் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது பதினாறு. முப்பது ஆண்டுகளாக வாரந்தோறும் ஆடியும் ஓரிடத்திலேயே நிற்பவர்களும் இருக்கிறார்கள். வேறுபாடு பயிற்சியின் தன்மையில் இருக்கிறது. நண்பர்களோடு ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் ஆடுவதில் ஒரே அடி இரண்டு முறை வருவதில்லை. தவறிய அடி ஏன் தவறியது என்று பார்க்கும் முன்பே அடுத்தவர் ஆடத் தொடங்கிவிடுகிறார். முறையாகப் பயில்கிறவர் பந்துகளின் இடங்களைத் துணியின்மேல் சிறு காகித வளையங்களால் குறித்துக்கொண்டு, அதே அடியை ஐம்பது முறை, நூறு முறை திரும்ப அடிக்கிறார். வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தாளை விரித்துவைக்கிறார். நாளாக நாளாக அந்தத் தாளைப் பாதியாக மடிக்கிறார், பிறகு கால்வாசியாக மடிக்கிறார். இலக்குப் பந்து விழுந்தும் வெள்ளைப் பந்து தாளுக்கு வெளியே நின்றுவிட்டால், அதைத் தவறிய அடியாகவே எழுதிக்கொள்கிறார்.